மத்தியானத்துக்கு முன் விசில் ஊதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை வருஷப்பிறப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் கொழுந்து நிறுக்கும் மடுவச் சுவர்களிலும் ரொட்டிக் கடைப் பலகைகளிலும் விளையாட்டுப் போட்டி போஸ்டர்கள் ஏறிவிட்டன. மலை ஓட்டம், சைக்கிள் ஓட்டம், கயிறு இழுத்தல், வழுக்கு மரம், முட்டி உடைத்தல் என்று எல்லாத் தேயிலைத் தோட்டத்திலும் பட்டியல் ஒன்றுதான். அடியில் அச்சாகும் வரியும் ஒன்றுதான்: ‘ஆரம்பம் பி.ப. 1.30’. அந்த வரியை மாற்றச் சொல்லித்தான் இந்தக் கடிதம். வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்ய முடியாதவர்கள் நேரத்தையாவது மாற்றுங்கள்.

ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தொடங்கிச் சுமார் பத்து நாள், சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது. காலையில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். பத்து மணிக்குள் தரை காய்ந்துவிடும். இரு பக்கக் கடலிலிருந்தும் உள்ளே வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறி, மத்தியானத்துக்குள் கறுத்த மேகமாகக் குவியும். இடைப்பருவ மழை என்பது இதுதான். வானிலை அறிக்கையில் ‘பிற்பகல் 1 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை’ என்று இந்த மாதம் முழுக்க வாசிப்பதும் இதனால்தான். நம் போஸ்டரும் அதே நேரத்தைத்தான் அழைப்பாக அச்சடித்திருக்கிறது.

தோட்டத்து மைதானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மலையை வெட்டிச் சமன் செய்த மேட்டில். ஓரத்தில் தனியாக ஒரு சவுக்கு மரம், அதன் கிளையில் ஒலிபெருக்கி, அதிலிருந்து தரையில் ஓடும் வயர், வயரின் நுனியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்பாளர். பக்கத்தில் நாலு கம்பத்தில் நிற்கும் தகரக் கொட்டகை, அதற்குள் மழைக்கு ஒதுங்கிய இருநூறு பேர். மின்னலுக்கு இதைவிட வசதியாக யாரும் இடம் ஒதுக்கித் தர முடியாது. தனி மரம், கூடாரம், சுவரில்லாத கொட்டகை மூன்றும் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. சுவரும் கூரையும் மின் இணைப்பும் உள்ள கட்டடம் வேண்டும்: பாடசாலை, வாசிகசாலை, பிள்ளைக் காம்பரா (பிள்ளை காப்பகம்), தேயிலைத் தொழிற்சாலை. அதுவும் இல்லையென்றால், கண்ணாடி ஏற்றிய பஸ் அல்லது வான். முச்சக்கர வண்டி இந்தக் கணக்கில் சேராது.

எப்போது நிறுத்துவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் போகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் மைதானத்திலேயே விழலாம். எல்லாரும் உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். மலைநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. எதிர் மலை மறைத்துக்கொண்டால் மின்னல் கண்ணுக்குப் படாது, இடி மட்டும் உருண்டு வரும். அப்போது எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், இடி கேட்டதே போதும். ‘இறுதிப் போட்டி ஒன்றுதானே பாக்கி, முடித்துவிடுவோம்’ என்று மைக்கில் சொல்பவரிடமிருந்து மைக்கை வாங்கிவிட ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். அவர் கமிட்டித் தலைவராக இல்லாமல் இருப்பது நல்லது.

காலையில் எல்லாம் முடியுமா என்று கேட்பார்கள். முடியும். மலை ஓட்டத்தை 7 மணிக்குத் தொடங்குங்கள். 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் நடப்பவர்களுக்குப் பொருந்தும்: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். 6 கிலோமீற்றர் சுற்று, 300 மீற்றர் ஏற்றம் என்றால் 1 மணி 42 நிமிடம். ஓடாமல் நடந்தே வருபவரும் 8.45க்குள் மைதானத்தில் இருப்பார். எட்டு அணிகள் மோதும் கயிறு இழுத்தலில் ஏழு ஆட்டங்கள். ஆட்டத்துக்குக் கால் மணித்தியாலம் என்றாலும் 9க்குத் தொடங்கினால் 11க்குள் முடியும். சிறுவர் போட்டிகள் மைதானத்தின் மறு கோடியில் அதே நேரத்தில் நடக்கலாம். 11க்கு வழுக்கு மரம். 12க்குச் சாப்பாடு.

மலை ஓட்டத்தின் பாதையைப் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன் ஒரு தரமும், முதல் நாள் மாலை ஒரு தரமும் நடந்து பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, போன வருஷம் ஓடிய பாதைதானே என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதையின் மேல்புறம் புதிதாக வெடித்த தரை, சாய்ந்து நிற்கும் மரம், இல்லாத இடத்தில் புதிதாகப் பொங்கும் ஊற்று, மலை ஊற்றிலிருந்து திடீரெனக் கலங்கி வரும் பீலித் தண்ணீர், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பக்கம் வேண்டாம். முந்திய 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுந்திருந்தால் சரிவுப் பாதையை விட்டுவிட்டு, தார் வீதியில் ஓட்டத்தை வையுங்கள். மழைமானி அநேகமாகத் தோட்ட அலுவலகத்திலேயே இருக்கும். கேட்டால் அளவைச் சொல்வார்கள். அதே நடையில், எந்த மலைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் களைநாசினி தெளித்த மலை வழியாக வெறுங்காலோடு பிள்ளைகளை ஓட விடக்கூடாது.

தேயிலைக்குள் பாதை போடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது கவ்வாத்து மலையில்தான், அதாவது செடிகளைக் குட்டையாக வெட்டிவிட்ட பகுதியில். பார்க்க வெளியாக, ஓட வசதியாக இருக்கும். ஆனால் கவ்வாத்துக் கத்தி சாய்வாக வெட்டிய ஒவ்வொரு கிளையும் மேலே பார்த்து நிற்கும் கூர்முனை. இறக்கத்தில் கால் இடறி விழுந்தால் வயிறோ கண்ணோ அதன் மேல்தான் போகும். வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகள் தண்ணீர் ஓடும் கான்களை மூடிக் கிடக்கும்; ஒன்றரை அடி ஆழக் கானில் ஒரு கால் மட்டும் இறங்கினால் கணுக்கால் போய்விடும். ஆகவே கவ்வாத்து மலை வேண்டாம். வளர்ந்த தேயிலைக்கு நடுவே போகும் வண்டிப் பாதையும் கல் படியும் போதும். படியில் பாசி இருந்தால் முதல் நாள் கம்பி பிரஷால் தேய்த்து, அன்று காலை மணல் தூவுங்கள். ஏப்ரலில் காலைப் பனி விலகாத படியில் ரப்பர் செருப்பு சோப்பு மாதிரி வழுக்கும்.

தூரத்தைக் கைத்தொலைபேசியை மட்டும் நம்பி அளக்காதீர்கள். பாறையடியிலும் அடர்ந்த மரத்தடியிலும் அது தாவித் தாவிக் காட்டும். ஒரு சைக்கிளின் முன் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு உருள்கிறது என்று தரையில் அளந்துகொள்ளுங்கள். 26 அங்குலச் சக்கரம் சுமார் 2.07 மீற்றர் போகும், அதாவது 483 சுற்று ஒரு கிலோமீற்றர். தள்ளிக்கொண்டு நடப்பவர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர். பாதை அடையாளத்துக்குச் சிவப்புத் துணி, ஓடுபவரின் வலது பக்கம், கண் உயரத்தில், 50 மீற்றருக்கு ஒன்று. பிரியும் இடத்தில் மூன்று சேர்த்துக் கட்டி, போகக்கூடாத பாதையின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு. வழிதவறியவர்களில் பெரும்பாலோர் பிரிவில் தவறுவதில்லை. பிரிவைத் தாண்டிச் சந்தேகம் வந்து திரும்புவார்கள். அதனால் பிரிவு முடிந்து இருபது மீற்றரில் இன்னொரு துணி அவசியம்.

ஒற்றையடிப் பாதையில் நூறு பேரை ஒன்றாக விட்டால் முதல் வளைவிலேயே தள்ளுமுள்ளுதான். 30 விநாடிக்கு ஒருவராக அனுப்பி, அவரவர் புறப்பட்ட நேரத்தைக் கழித்துப் பாருங்கள்; நூறு பேருக்குக் கிட்டத்தட்ட 50 நிமிடம் பிடிக்கும் என்பதால் அந்த அளவு முன்னதாகத் தொடங்க வேண்டும். அல்லது முதல் ஒரு கிலோமீற்றரை அகலமான வீதியில் வையுங்கள். கூட்டம் தானாக நீண்டுவிடும். புறப்பட்ட எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் ஒன்றாகும் வரை கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வரும் தொண்டர் வீட்டுக்குப் போகக்கூடாது. கொழும்பிலிருந்து வரும் ஓட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கடற்கரையில் ஓடும் வேகத்தில் முதல் ஏற்றத்தைப் பிடித்தால் இரண்டாவது ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். தண்ணீர் நிலையத்தில் ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல் தூள்) வைப்பவர்கள் பக்கற்றில் எழுதிய அளவிலேயே கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் பலன் கூடாது, வாந்திதான் வரும். ஜீவனி இல்லையென்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

குளவியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மலைநாட்டில் நாம் குளவி என்று சொல்வதில் பாதி உண்மையில் பெரிய மலைத்தேனீ. உயர்ந்த மரக் கிளையிலும் பாறை விளிம்பிலும் பாலத்தடியிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். அதைக் கலைப்பவை புகை, சத்தம், பருந்தின் அடி, சில வேளை வாசனைத் திரவியம். ஓட்டம் தொடங்கும்போது வெடி கொளுத்துவது நம் வழக்கம். கூடு தொங்கும் மரத்தின் கீழ் அந்தச் சரவெடியைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று எந்தக் கொழுந்தெடுக்கும் அக்காவைக் கேட்டாலும் சொல்வார். பாதையை நடந்து பார்க்கும்போது தரையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் பாதையை மாற்றுங்கள். கூட்டைக் கலைக்கப் போகாதீர்கள். தொடங்க வெடி வேண்டாம், விசில் போதும். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓட வேண்டும். கையை வீசக்கூடாது, தண்ணீரில் குதித்துப் பயனில்லை, மேலேயே காத்து நிற்கும். தோலில் தைத்த கொடுக்கை நகத்தாலோ அடையாள அட்டை விளிம்பாலோ உடனே சுரண்டி எடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு கொட்டானாலும் ஆஸ்பத்திரி. நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

இனி கயிறு. எல்லாரும் அலட்சியம் செய்வது இதைத்தான். லொறியில் பாரம் கட்டும் நைலோன் கயிற்றை இரவல் வாங்கி வந்து, பக்கத்துக்கு இருபது முப்பது பேர் பிடித்து இழுப்பார்கள். நைலோன் இழுபடும். இழுபடும்போதெல்லாம் ரப்பர் போல விசையைச் சேமிக்கும். அறுந்தால் அவ்வளவும் சாட்டையாகத் திரும்பும். 1997 ஒக்டோபரில் தைவானின் தைபேயில் 1,600க்கும் மேற்பட்டோர் இழுத்த கயிறு அறுந்து, இரண்டு பேரின் இடது கை துண்டாகிப் போனது. சர்வதேச விதிப்படி ஓர் அணிக்கு எட்டுப் பேர்தான். கயிறு மணிலா நார், சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர், நீளம் 33.5 மீற்றருக்குக் குறையாமல், நடுவில் முடிச்சில்லாமல். வாங்கினால் நான்கைந்து தோட்டங்கள் சேர்ந்து வாங்குங்கள். நனைந்தால் நிழலில் காய வைத்து, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு வருஷமும் முறுக்கை விரித்து உள்நாரைப் பாருங்கள். உள்ளே தூள் கொட்டினால் அந்தக் கயிறு மாடு கட்டத்தான் ஆகும்.

கயிற்றின் நடுவில் சிவப்புப் பட்டி, இரு பக்கமும் 4 மீற்றரில் வெள்ளை, 5 மீற்றரில் இன்னொரு நிறம். முதல் ஆள் அந்த 5 மீற்றர் அடையாளத்துக்கு வெளியே பிடிப்பார். தரையில் ஒரே ஒரு நடுக்கோடு. எதிரணியின் வெள்ளைப் பட்டி அந்தக் கோட்டைத் தாண்டி வந்தால் வெற்றி. மூன்று இழுப்பில் இரண்டை வெல்ல வேண்டும். நடுவரின் கட்டளை நாலு: கயிற்றைத் தூக்கு, இறுக்கிப் பிடி, அசையாதே, இழு. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் சிவப்புப் பட்டி நடுக்கோட்டுக்கு நேரே அசையாமல் நிற்க வேண்டும். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று கத்தித் தொடங்கினால் இரண்டிலேயே ஓர் அணி இழுத்துவிடும். முக்கால்வாசிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது.

உள்ளங்கை மேலே பார்க்க, கயிறு உடம்புக்கும் புயத்துக்கும் நடுவில். கையில் சுற்றக்கூடாது, இடுப்பில் கட்டக்கூடாது. கடைசி ஆள் மட்டும் கயிற்றை ஓர் அக்குளுக்குக் கீழாக முதுகில் குறுக்கே கொண்டுபோய், மறு தோளுக்கு மேலாக முன்னே எடுத்து, மிச்சத்தை அக்குளுக்குள் விட்டுப் பின்னால் தொங்கவிடலாம். முடிச்சு அவருக்கும் இல்லை. நம் பக்கம் கடைசி ஆள் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு குழியில் உட்காருவது பெருமை. அணி இழுபட்டால் அவர் எழுந்திருக்க முடியாது, கயிறு அவரை இரண்டாக மடிக்கும்.

மைதானம் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணால் தீர்மானிக்காதீர்கள். மலைநாட்டுக் கண்ணுக்குச் சரிவும் சமமாகத்தான் தெரியும். மேசன்மார் வைத்திருக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு கோடியிலும் குச்சி நட்டு மட்டம் பாருங்கள். நாலு விரல் வித்தியாசம் இருந்தாலும் ஒவ்வோர் இழுப்புக்கும் பக்கம் மாற வேண்டும். எடைப் பிரிவும் வையுங்கள். தொழிற்சாலைத் தராசில் எட்டுப் பேரையும் ஏற்றி மொத்தம் 560 கிலோவுக்குள் என்று ஒரு பிரிவு வைத்தால், தோட்டத்து லயன் வீட்டுப் பையன்கள் டவுன் ஜிம் பையன்களோடு சரிசமமாக நிற்பார்கள். அதற்குப் பிறகு பாருங்கள் ஆட்டத்தை.

வழுக்கு மரத்துக்கு 25 அடி மரம் என்றால் நாலரை அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும், நனைந்த மண்ணானால் இன்னும் ஓர் அடி. சுற்றிக் கல் இறுக்கி, உச்சியிலிருந்து மூன்று பக்கம் கயிறு இழுத்துக் கட்டுங்கள். ஒருவர் தோளில் ஒருவராக நாலு பேர் ஏறும்போது பாரம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் விழும். மரம் சாய்வது அப்போதுதான். பழைய என்ஜின் ஒயில் பூசாதீர்கள், தோலும் கண்ணும் எரியும். கிறீஸ் போதும். அடியில் ஓர் அடி கனத்துக்கு மரத்தூள். மின் கம்பியிலிருந்து மரம் விழும் தூரத்துக்கு மேல் தள்ளி நடுங்கள்.

சைக்கிள் ஓட்டத்தில் ஒன்று மட்டும் சொல்கிறோம். பார்வையாளர் வளைவின் வெளிப்புறம் நிற்கக்கூடாது. கட்டுப்பாடு இழந்த எந்தச் சக்கரமும் வெளிப்பக்கம்தான் போகும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். சைக்கிளுக்கு அவ்வளவு கனம் இல்லை. ஆனால் நாம் நிற்க வைப்பது பிள்ளைகளை.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். ஆனால் தோட்டத்துப் பிரிவின் பெயரை மட்டும் சொன்னால் சாரதிக்கு வழி தெரியாது. பிரதான வீதியில் எந்தச் சந்தி, எத்தனையாவது கிலோமீற்றர் கட்டை, அங்கிருந்து தொழிற்சாலை எந்தப் பக்கம் என்று ஒரு துண்டில் எழுதி, மைக் வைத்திருப்பவர் சட்டைப்பையில் போடுங்கள். சந்தியில் ஒரு பையனை நிறுத்துங்கள்.

நேரத்தை மாற்ற முடியாது என்பவர்கள் சொல்லும் உண்மையான காரணம் ஒன்றுதான்: பிரதம அதிதி காலையில் வரமாட்டார். இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் மூன்றரைக்கு வந்து, மாலையும் பேச்சும் முடிந்து நாலுக்கு முதல் விசில் ஊதும்போது எதிர் மலையில் இடி உருளும். அதிதியைப் பரிசளிப்புக்கு அழையுங்கள். பரிசளிப்பைப் பிற்பகல் 4 மணிக்கு வாசிகசாலை மண்டபத்துக்குள் வையுங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வரட்டும். ஓடியவர்கள் குளித்துச் சாப்பிட்டு, புது உடுப்போடு கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். மின்னல் நெருங்கினால் ஒலிபெருக்கி வயரை மட்டும் கழற்றிவிடுங்கள். பேச்சும் அதோடு சுருங்கும்.

இப்படிக்கு,
தோட்ட விளையாட்டுப் போட்டிகளில் நடுவர்களாக நிற்கும் சிலர்,
நுவரெலியா மாவட்டம்.